வழிகாட்டும் வரைபடம் வடிவமைப்பது எப்படி? மதுரை கோயில் வீதிகளை வைத்து மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வகுப்பில் வழிகாட்டும் வரைபடம் ஒன்றைச் செய்யச் சொன்னதும் மாணவர்கள் முதலில் திறப்பது இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளைத்தான். கூகுள் மேப்பைக் கீழே வைத்து, மேலே கோடு போட்டு, நிறம் நிரப்பி, இரண்டே நாளில் பார்க்க அழகான ஒரு படத்தோடு வந்துவிடுவார்கள். அந்தப் படத்தோடு அதே தெருவில் நிற்பவருக்கு, இடது பக்கம் திரும்புவதா வலது பக்கம் திரும்புவதா என்று மட்டும் தெரியாது.

கோடு போடுவது இந்த வேலையில் ஏழாவது படி. முந்தைய ஆறு படிகளையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கு ஏழாவது படி ஒரு மாலை வேலையாக முடிந்துவிடும். ஆறையும் தாண்டிக் குதித்தவர்கள் பத்து முறை திருத்துவார்கள், பதினோராவது முறையும் படம் தவறாகவே இருக்கும். இதைப் பல மாணவர்களிடம் பார்த்துவிட்டுத்தான் இந்த வரிசையை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை எடுத்துக்கொள்கிறேன். வழிகாட்டும் வரைபடத்தில் வரக்கூடிய சிக்கல்கள் அனேகமாக எல்லாமே அங்கே இருக்கின்றன. உங்கள் இடம் ஒரு அரசு மருத்துவமனையாகவோ கல்லூரி வளாகமாகவோ இருந்தாலும் படிகளின் வரிசை மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கோடு போடாத வெள்ளைத்தாள் நோட்டு, பென்சில், கேமராவும் திசைகாட்டியும் உள்ள கைபேசி, ஒரு ஸ்கேல். கணினியில் இங்க்ஸ்கேப் அல்லது இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரைகலை மென்பொருள். யூனிகோடு தமிழ் எழுத்துரு இரண்டு. ஏ3 தாளில் கருப்பு வெள்ளையில் அச்செடுக்க ஒரு ஜெராக்ஸ் கடை.

இவை போக, அந்த இடத்துக்கு இதுவரை வராத ஐந்து பேர் வேண்டும். அவர்களை இப்போதே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் தேடினால் வகுப்புத் தோழர்கள்தான் கிடைப்பார்கள். அவர்கள் உங்கள் படத்தை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள் என்பதால் சோதனைக்குப் பயன்பட மாட்டார்கள்.

1. யார், எங்கே நிற்கிறார், எங்கே போக வேண்டும்

இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் வேலை இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள்.

மதுரைக்கு நான் எழுதச் சொல்வது இரண்டு வாக்கியங்கள். ஒன்று: "ரயிலில் இறங்கிப் பையோடு மதுரை சந்திப்பின் கிழக்கு வாசலில் நிற்கும் வெளியூர்க் குடும்பம், கோயிலுக்கு நடந்து போய்ச் சேர வேண்டும்." இரண்டு: "தரிசனம் முடித்து வேறொரு கோபுரம் வழியாக வெளியே வந்துவிட்டவர், செருப்பும் கைபேசியும் விட்டுவந்த வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும்."

இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. எனவே அவர் கையில் கூகுள் மேப் இல்லை, குடும்பத்தாருக்குப் போன் போடவும் வழியில்லை, கல்தரை வெயிலில் சுடுகிறது. சுவரில் இருக்கும் ஒரு பலகைதான் அவருக்கு எல்லாமும். "இந்தக் காலத்தில் யார் சார் போர்டைப் பார்க்கிறார்கள்?" என்று உங்கள் வேலையை மதிப்பிடும் நடுவர் கேட்டால் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான்.

இரண்டு வாக்கியம் என்றால் இரண்டு வரைபடம். இரண்டையும் ஒரே படத்தில் அடக்கப் பார்க்காதீர்கள்.

2. இரண்டு திசையிலும் நடந்து பாருங்கள்

முதல் நடை, போகும் வழி. இரண்டாவது நடை, திரும்பும் வழி. திரும்பும் வழியை விட்டுவிடுவதுதான் புதியவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு. போகும்போது கண்ணில் படுகிற அடையாளம், திரும்பும்போது முதுகுப் பக்கம் இருக்கும். சந்திப்பிலிருந்து டவுன்ஹால் ரோடு வழியாகக் கிழக்கே போகிறவருக்குக் கோபுரம் துணையாக இருக்கிறது. திரும்பி மேற்கே நடக்கிறவருக்கு அப்படித் தூரத்திலிருந்தே தெரியும் பெரிய அடையாளம் எதுவும் இல்லை. ஆகவே அந்தத் திசைக்கு வரைபடம் கூடுதலாக உழைக்க வேண்டும்.

நடக்கும்போது ஒவ்வொரு முக்கிலும் நின்று நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எத்தனை வழி பிரிகிறது, எது பெரிய வழியாகத் தெரிகிறது, கண்ணுக்கு என்ன தென்படுகிறது, தெருப்பெயர்ப் பலகை இருக்கிறதா. பெரிதாகத் தெரியும் வழியும் சரியான வழியும் வேறுவேறாக இருக்கும் முக்குகளில் வட்டம் போடுங்கள். மக்கள் தொலைவது அங்கேதான். உங்கள் வரைபடத்தின் தரத்தைத் தீர்மானிப்பவையும் அந்த வட்டங்கள்தான்.

காலையில் ஒரு முறையும் விளக்கு வைத்த பிறகு ஒரு முறையும் நடங்கள். பகலில் நல்ல அடையாளமாக இருந்த பழைய கட்டடம் இரவில் இருட்டில் மறைந்துவிடும். பகலில் கவனிக்காத பாத்திரக்கடைப் பெயர்ப் பலகை இரவில் தெரு முழுவதற்கும் தெரியும்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தடையில்லாமல் நடந்தால் நிமிடத்துக்கு 80 மீட்டர் போகலாம் என்பது வழக்கமான கணக்கு. குழந்தையும் பையுமாகக் கடைவீதிக் கூட்டத்தில் நடப்பவருக்கு 60 மீட்டர் போட்டால் போதும். அந்தக் கணக்கில் 5 நிமிடம் என்பது 300 மீட்டர். நிமிடக் கணக்கை வரைபடத்தில் போடுவதாக இருந்தால், மெதுவாக நடப்பவரின் கணக்கைப் போடுங்கள். சொன்னதைவிட முன்னதாகப் போய்ச் சேர்ந்தவர் கவலைப்பட மாட்டார். பின்தங்கியவர் வழி தவறிவிட்டோமோ என்று பாதியில் திரும்பிவிடுவார்.

3. வழி கேளுங்கள், சொல்வதை அப்படியே எழுதுங்கள்

பூக்கடைக்காரர், ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர் என்று மூன்று நான்கு பேரிடம் தனித்தனியாக ஒரே வழியைக் கேளுங்கள். அவர்கள் வாயிலிருந்து இரண்டு முறைக்கு மேல் வருகிற பெயர்கள் வரைபடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். வழி தவறிய ஒருவர் தெருவில் கேட்கும்போது பதிலாக வரப்போவது அதே பெயர்கள்தான். அவர் கையிலிருக்கும் படத்திலும் அவை இருந்தால்தான் பதில் பயன்படும்.

மாநகராட்சிப் பெயர் ஒன்றாகவும் மக்கள் சொல்லும் பெயர் வேறாகவும் இருந்தால், மக்கள் சொல்வதைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் போடுங்கள். வடக்குக் கோபுரத்தை ஊரில் மொட்டைக் கோபுரம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அந்தப் பெயர் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள முடியாது.

4. அடிப்படைப் படத்தை முறையாகப் பெறுங்கள்

கூகுள் மேப்பின் மேல் கோடு போட்டு எடுப்பதை அவர்களுடைய பயன்பாட்டு விதிகள் அனுமதிப்பதில்லை. பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்திலிருந்து எடுங்கள். அதன் தரவை இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம், அச்சிடலாம். பதிலுக்கு, தரவு அவர்களுடைய பங்களிப்பாளர்களுடையது என்று படத்தின் ஓரத்தில் குறிப்பிட வேண்டும். இந்த ஒரு வரி விடுபட்ட மாணவர் வேலைகள் ஏராளம். படத்தை முதல் முறை சேமிக்கும்போதே அதைச் சேர்த்துவிடுங்கள்.

எடுத்த தரவை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. சந்துகளின் பெயர்கள் பல இடங்களில் இருக்காது. சுவர் எழுப்பி அடைத்த வழி திறந்திருப்பதாகக் காட்டும். இரண்டாம் படியில் நடந்து எழுதிய நோட்டை அருகில் வைத்து முக்கு முக்காகச் சரிபாருங்கள்.

கோப்பை அடுக்குகளாகப் பிரித்து வைப்பதும் இந்த இடத்தில்தான்: வீதிகள், கட்டடங்கள், தமிழ்ப் பெயர்கள், ஆங்கிலப் பெயர்கள், குறியீடுகள், "நீங்கள் இங்கே". ஆறாம் படியில் படத்தைச் சுழற்றும்போது இதன் அருமை தெரியும்.

5. எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள்

முதலில் எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்து, "இது இல்லாவிட்டால் முதல் படியில் எழுதிய ஆள் வழி தவறுவாரா?" என்று கேளுங்கள். மாட்டார் என்றால் அடித்துவிடுங்கள். மனசு வராது. ஆனாலும் அடியுங்கள். நடந்து பார்த்த எல்லாமே முக்கியமாகத் தோன்றுவது இயல்பு. படிப்பவருக்கு அந்த நடையின் நினைவு எதுவும் கிடையாது.

எஞ்சியதை மூன்று தட்டாகப் பிரியுங்கள். முதல் தட்டில் போய்ச் சேரும் இடங்கள்: நான்கு கோபுரங்கள், அம்மன் சன்னதி வாசல், ரயில் சந்திப்பு, பெரியார் பஸ் ஸ்டாண்டு. இரண்டாவதில் திரும்ப உதவும் அடையாளங்கள்: புதுமண்டபம், விளக்குத்தூண், தென்கிழக்கே திருமலை நாயக்கர் மகால். மூன்றாவதில் தேவைகள்: கழிப்பறை, குடிநீர், செருப்பு வைக்குமிடம், கைபேசி ஒப்படைக்குமிடம். முதல் தட்டு மூன்றடி தள்ளி நின்றாலே தெரிய வேண்டும். மூன்றாவது தட்டு கிட்டே வந்து தேடினால் கிடைத்தால் போதும்.

அடையாளங்களைத் தேர்வு செய்யும்போது ஒரு பொறி இருக்கிறது. மதுரையில் எல்லோரும் முதலில் வரைவது கோபுரத்தைத்தான். நான்கு திசையிலும் நான்கு பெரிய கோபுரங்கள். தெற்குக் கோபுரம்தான் உயரத்தில் முதலாவது. ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் வெளியூர்க்காரருக்கு நான்கும் ஒன்றுபோலவே தெரியும். "கோபுரத்துக்குப் பக்கத்தில்தான் செருப்பை விட்டேன்" என்று அவர் சொல்வது இதனால்தான். நான்கு இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும் ஒன்று, கோயில் எங்கே என்று சொல்லும்; கோயிலின் எந்தப் பக்கம் என்று சொல்லாது. பக்கத்தைச் சொல்ல, அந்தப் பக்கத்தில் மட்டுமே இருக்கும் ஒன்று வேண்டும். கிழக்கே புதுமண்டபம் அப்படிப்பட்டது. எனவே கோபுரப் படம் ஒவ்வொன்றுக்கும் அருகில் அந்தப் பக்கத்துக்கே உரிய ஓர் அடையாளத்தைச் சேர்த்து வரையுங்கள்.

மருத்துவமனையிலும் இதே சிக்கல் உண்டு. ஒரே மாதிரிக் கட்டடம் நான்கு இருந்தால், கட்டடத்தை வரைவதைவிட வாசலில் இருக்கும் வேப்பமரத்தைக் காட்டுவது பயன்படும்.

6. எந்தத் திசை மேலே?

வடக்கு மேலே என்று பள்ளியில் படித்ததை இந்த இடத்தில் ஓரமாக வையுங்கள். சுவரிலோ கம்பத்திலோ நிற்கும் பலகையில், படிப்பவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறாரோ அந்தத் திசைதான் படத்தின் மேல்பக்கம் வர வேண்டும். அப்போது படத்தில் இடப்பக்கம் இருப்பது அவருடைய இடக்கைப் பக்கமே இருக்கும், மேலே இருப்பது எதிரே இருக்கும். மனதுக்குள் படத்தைச் சுழற்றும் வேலை அவருக்கு மிச்சம். லண்டன் தெருக்களில் நடப்பவர்களுக்காக வைத்திருக்கும் லெஜிபிள் லண்டன் பலகைகள் இந்த முறையில் செய்யப்பட்டவை.

சந்திப்பின் கிழக்கு வாசலில் கிழக்கைப் பார்த்து நிற்பவருக்கான பலகையில் கிழக்கு மேலே. ரயில் சந்திப்பு படத்தின் அடியில், கோயில் மேலே, பெரியார் பஸ் ஸ்டாண்டு வலப்பக்கம், சிம்மக்கல் இடப்பக்கம். தெற்குக் கோபுரம் வழியாக வெளியே வருபவருக்கான பலகையில் தெற்கு மேலே. கோயில் அடியில் போய்விடும், ரயில் சந்திப்பு வலப்பக்கம் வரும், மகால் இடப்பக்க மேல்மூலையில் வரும்.

ஆக, பலகை எத்தனையோ அத்தனை படம் வேண்டும். ஒரே படத்தை நான்கு இடத்தில் மாட்டினால் ஒரு இடத்தில் சரியாகவும் மூன்று இடத்தில் தவறாகவும் இருக்கும். தவறான திசையில் மாட்டிய படம் வெறும் சுவரைவிட மோசம். வெறும் சுவரைப் பார்த்தவர் யாரையாவது கேட்டிருப்பார். இதுவோ அவரை நம்பிக்கையோடு எதிர்த்திசையில் அனுப்பிவிடும்.

சுழற்றும்போது வீதி, கட்டட அடுக்குகளை மட்டும் சுழற்றுங்கள். பெயர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப நேராக வைக்க வேண்டும். சலிப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது. மொத்தமாகச் சுழற்றிவிட்டால் பாதிப் பெயர்கள் தலைகீழாகப் போகும்.

கையில் கொடுக்கும் தாளுக்கு மட்டும் வடக்கை மேலே வைக்கலாம். தாளைப் படிப்பவர் தானே திருப்பிப் பிடித்துக்கொள்வார், கைபேசி வரைபடத்தோடு ஒப்பிடவும் எளிது.

"நீங்கள் இங்கே" என்ற குறி வெறும் புள்ளியாக இருந்தால் போதாது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதும் தெரிய வேண்டும். புள்ளியிலிருந்து மேல்நோக்கி விரியும் ஒரு சிறு விசிறி வடிவம் வரைந்தால் அது விளங்கிவிடும்.

7. வீதிகளை வரையுங்கள்

இப்போது கோடு போடலாம். வீதிக்கு இரண்டு அகலம், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் கண்ணால் பிரித்தறிய முடியாது. அகலத்தைத் தீர்மானிப்பது நடப்பவரின் வசதிதான், வண்டிப் போக்குவரத்து இல்லை. கோயில் மதிலை ஒட்டிய, வண்டி போகாத சித்திரை வீதி நடப்பவருக்கு முதல்தர வீதி. அதை அகலமாகவே வரையுங்கள்.

கோயிலைச் சுற்றி வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்திருப்பதால், நான்கு கச்சிதமான சதுரம் போட்டுவிடக் கை அரிக்கும். 1933-இல் வெளியான ஹாரி பெக்கின் லண்டன் பாதாள ரயில் படத்தைப் பார்த்துவிட்டு எல்லாக் கோட்டையும் நேராக்கும் ஆசை எல்லா மாணவர்களுக்கும் வரும். ரயிலில் உட்கார்ந்திருப்பவர் திரும்ப வேண்டியதில்லை, தண்டவாளம் திருப்பிக்கொள்ளும். அவருக்கு நிலையங்களின் வரிசை தெரிந்தால் போதும். நடப்பவர் தானே திரும்ப வேண்டும். அவர் காலுக்குத் தெரிகிற வளைவு படத்திலும் இருந்தாக வேண்டும்.

நான் பின்பற்றும் விதி இது: நடக்கும்போது கவனிக்காத நெளிவை நேராக்கலாம். நின்று யோசிக்க வைக்கிற வளைவைத் தொடக் கூடாது. எது எது என்பது உங்கள் நோட்டில் இருக்கிறது.

நீளத்தையும் இஷ்டத்துக்குச் சுருக்காதீர்கள். பெயர் எழுத இடம் வேண்டும் என்று ஒரு தெருவை இரு மடங்கு இழுத்தால், அடுத்த திருப்பத்தை நடப்பவர் தாண்டிப் போய்விடுவார்.

8. எழுத்து

தமிழ் வரைபடங்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்தப் படியில். வரைபட எழுத்தைப் பற்றி நீங்கள் படித்திருக்கும் அறிவுரைகளில் பாதி ரோமன் எழுத்துக்கு மட்டுமே பொருந்தும்.

முதலில் மென்பொருள். இல்லஸ்ட்ரேட்டரில் பத்தி அமைப்புக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைக் கோக்கும் வசதியை) தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் "கோபுரம்" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கலாம். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், ஹிந்த் மதுரை, முக்த மலர் எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை, பல கனங்களில், அதாவது தடிப்பு அளவுகளில், வருபவை. பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த பெயர்ப் பட்டியலை அப்படியே ஒட்டினால் வேறு கணினியில் திறக்கும்போது குப்பையாகத் தெரியும்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தாகப் போட்டு முக்கியத்துவம் காட்டுவதுபோல் இங்கே செய்ய முடியாது. அளவும் கனமும்தான் நம் கையில் இருக்கும் கருவிகள். கனத்திலும் எல்லை உண்டு. மிகத் தடித்த எழுத்தில் "ண", "ஞ", "ணை" ஆகியவற்றின் உள்வெளி அடைந்துபோய்ச் சிறிய அளவில் கறையாகத் தெரியும். நடுத்தரம், அரைத்தடிப்பு இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு நீட்டாதீர்கள். காலும் கொம்பும் தங்கள் எழுத்தைவிட்டுப் பிரிந்து போனால் வாசிப்பு தடுமாறும். நீளமான தெருவில் பெயரைப் பரப்பிக் காட்ட வேண்டுமானால், பெயரை முழுதாக இரண்டு இடத்தில் எழுதுங்கள்.

வரி இடைவெளி தாராளமாக இருக்கட்டும், எழுத்து அளவில் 1.4 மடங்காவது. மேல் வரியின் "மூ", "கு" கீழே இறங்குவதும் கீழ் வரியின் "கீ", "தி" மேலே ஏறுவதும் முட்டிக்கொள்ளக் கூடாது.

அளவுக்கு ஒரு கணக்கு: பார்க்கும் தூரத்தை 200-ஆல் வகுத்தால் வருவது எழுத்து உயரத்தின் குறைந்தபட்சம். 60 செ.மீ. தள்ளி நிற்பவருக்கு 3 மி.மீ. சுழிகள் நிறைந்த தமிழ் எழுத்துக்கும் வயதானவர்களின் கண்ணுக்கும் 5 மி.மீ. வைப்பது நல்லது. உயரம் என்று இங்கே சொல்வது "க" என்ற எழுத்தின் உடல் உயரம். மென்பொருள் காட்டும் புள்ளி அளவில் மேலும் கீழும் உள்ள வெற்றிடமும் சேர்ந்திருக்கும். அச்செடுத்து ஸ்கேலை வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

இனி மதுரைக்கே உரிய சிக்கல். கீழமாசி வீதி, மேலமாசி வீதி, தெற்குமாசி வீதி, வடக்குமாசி வீதி: நான்கு பெயரிலும் முக்கால்வாசி ஒன்றுதான். ஆவணி மூல வீதிக்கும் வெளி வீதிக்கும் அதே கதை. எல்லாவற்றையும் ஒரே கனத்தில் எழுதினால் கண்ணில் படுவது எங்கும் "மாசி வீதி" மட்டுமே. திசைச் சொல்லை அரைத்தடிப்பிலும் மீதியை நடுத்தரத்திலும் எழுதுங்கள். வேறுபடுகிற பகுதிதான் முதலில் கண்ணில் பட வேண்டும். மருத்துவமனையில் "புறநோயாளிகள் பிரிவு 1, 2, 3" என்று வரும்போது எண்ணைத் தடிப்பாக்குவதும் இதே காரணத்துக்காக.

சுற்று வீதிகளின் பெயரில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கோயில் மதிலிலிருந்து வெளியே வர வர சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. மாத வரிசை தெரிந்த எவருக்கும் "மாதம் தள்ளத் தள்ளக் கோயிலிலிருந்து தூரம்" என்ற ஒரு வரிக் குறிப்பு போதும், நான்கு சுற்றும் மனதில் பதிந்துவிடும். ஆடி வீதி மதிலுக்கு உள்ளே இருப்பதால் தெரு வரைபடத்தில் அதற்கு இடம் வேண்டாம். மாசிக்கும் வெளிக்கும் நடுவே வரும் மாரட் வீதிகள் இந்த ஒழுங்கில் சேராதவை. அவற்றைத் தெளிவாகப் பெயரிட்டுக் காட்டுங்கள்.

இரண்டு மொழி போடும்போது தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே சற்றுச் சிறிதாக. எந்தப் பெயரிலும் இந்த வரிசை மாறக் கூடாது. ஆங்கில எழுத்துக்கோவையைத் தெருவில் இருக்கும் பலகையைப் பார்த்து எழுதுங்கள். "மாசி" ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்படுகிறது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படம் முழுவதும் அதையே வையுங்கள். மூன்றாவது மொழி தேவைப்பட்டால் ஓரத்தில் அட்டவணையாகக் கொடுங்கள். படத்துக்குள் நுழைத்தால் வீதிகள் மூடிப்போகும்.

9. நிறமும் குறியீடும்

படத்தைக் கருப்பு வெள்ளையில் முழுதாக முடித்த பிறகே நிறத்தைத் தொடுங்கள். கருப்பு வெள்ளையில் புரியாத படத்தை நிறம் காப்பாற்றாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், ஆண்களில் குறிப்பாக, கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கும் படம் புரிய வேண்டும்.

மாணவர்கள் சுற்றுக்கு ஒரு நிறம் கொடுப்பார்கள்: சித்திரைக்கு மஞ்சள், மாசிக்கு நீலம் என்று. வழி தவறியவரின் குழப்பம் எத்தனையாவது சுற்று என்பதில் இல்லை, கோயிலின் எந்தப் பக்கம் என்பதில் இருக்கிறது. நிறத்தைப் பக்கத்துக்குக் கொடுங்கள், சுற்றுகளைச் சாம்பல் நிறத்தின் அடர்த்தி வேறுபாட்டில் காட்டுங்கள். ஒவ்வொரு நிறத்தோடும் பக்கத்தின் பெயரும் அடையாளப் படமும் சேர்ந்தே வரட்டும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது. இதைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு.

கழிப்பறை, குடிநீர், பஸ் ஆகியவற்றுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் குறிகளையே பயன்படுத்துங்கள். செருப்பு வைக்குமிடத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. ஒரு ஜோடி ரப்பர் செருப்பை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, முதல் முறை வரும் இடத்தில் பெயரையும் எழுதுங்கள்.

10. இடத்திலேயே சோதியுங்கள்

ஏ3 தாளில் கருப்பு வெள்ளையில் அச்செடுத்து, பலகை வரப்போகும் அதே இடத்தில் அதே உயரத்தில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.2 முதல் 1.4 மீட்டரில் இருந்தால் நிற்பவரும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் படிக்கலாம்.

பிடித்து வைத்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, ஒரு வேலை சொல்லுங்கள்: "இதைப் பார்த்துப் புதுமண்டபத்துக்குப் போங்க." பிறகு வாயைத் திறக்காதீர்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் சோதனை அங்கேயே முடிந்தது. பலகை மாட்டிய பிறகு பக்கத்தில் நின்று விளக்க நீங்கள் இருக்கப்போவதில்லை.

கவனிக்க வேண்டியது அவர்களுடைய விரலையும் கழுத்தையும். விரல் முதலில் "நீங்கள் இங்கே" குறியைத் தேடிப் போக வேண்டும். வேறெங்காவது அலைந்தால் குறி சிறிது. கழுத்து படத்துக்கும் தெருவுக்கும் மூன்று நான்கு முறை போய்வந்தால் அடையாளம் பொருந்தவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தால் திசை தவறு, ஆறாம் படிக்குத் திரும்புங்கள். பின்னாலேயே நடந்து போய், எந்த முக்கில் கால் தயங்குகிறது என்று பாருங்கள். இரண்டாம் படியில் வட்டம் போட்ட முக்காகவே பெரும்பாலும் இருக்கும்.

"நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "அடுத்து எந்தப் பக்கம் திரும்புவீங்க? எதை வைச்சுச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் எந்த அடையாளம் உண்மையில் வேலை செய்கிறது என்று காட்டும். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறியதும் நிறுத்தித் திருத்திவிட்டு மீதி மூன்று பேரிடம் திருத்திய படத்தைக் கொடுங்கள்.

11. அச்சுக்கு அனுப்புவது

தமிழ் எழுத்துகளை வடிவக்கோடுகளாக மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். அச்சகக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. மாற்றாத மூலக் கோப்பைத் தனிப் பெயரில் பத்திரமாக வையுங்கள், நாளை ஒரு தெருப்பெயரைத் திருத்த அதுதான் வேண்டும். மாற்றிய பிறகு ஒரு முறை எல்லாப் பெயரையும் உரக்கப் படியுங்கள். ஒற்றுப் புள்ளி உதிர்ந்திருந்தால் இங்கேதான் பிடிபடும்.

வெயில் படும் இடத்துக்குப் பளபளக்கும் ஃப்ளெக்ஸ் வேண்டாம். கண் கூசிப் படிக்கவே முடியாது. ஏசிபி தகட்டில் (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகட்டில்) வினைல் ஒட்டி, மேட் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். சிவப்பும் மஞ்சளும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அதோடு எல்லோரும் விரல் வைப்பதும் "நீங்கள் இங்கே" குறியில்தான் என்பதால் முதலில் தேய்வதும் அதுவே. அந்தக் குறியைச் சுற்றிக் கருப்பு விளிம்பு தடிமனாக இருந்தால் நிறம் போனாலும் இடம் தெரியும்.

ஓரத்தில் மாதமும் ஆண்டும் போடுங்கள். பஸ் நிற்குமிடமும் ஒருவழிப் பாதையும் மாறிக்கொண்டே இருப்பவை. படம் எப்போதையது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

மாட்டுபவரிடம் கொடுக்கும்போது ஒவ்வொரு பலகையின் பின்புறமும் அழியாத மையில் மூன்றை எழுதுங்கள்: எந்த இடத்துக்கான பலகை, படிப்பவர் எந்தத் திசையைப் பார்ப்பார், அந்தத் திசைக்கு ஓர் அம்புக்குறி. மாட்டும் நாளில் கூடவே போங்கள். சாலைக்கு எதிர்ப்பக்கச் சுவர் வசதியாக இருக்கிறது என்று அங்கே மாட்டிவிட்டால் படம் 180 பாகை தவறிவிடும். அப்படி இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அன்றைக்கு மாட்டாமல் பலகையைத் திரும்ப எடுத்துவந்து ஆறாம் படியிலிருந்து அந்தச் சுவருக்கான படத்தைப் புதிதாகச் செய்யுங்கள்.